பின்வரிசை, இடமிருந்து நான்கு

பிப்ரவரி. ஃபாரோ தீவில், கிளாக்ஸ்விக் துறைமுகத்தில்
ஒன்பது மணிக்கும் விடிய மனமில்லாமல் கிடந்தது.
பையில் ஐம்பது வேக ஃபிலிம் ஒன்று இருந்தது:
மாவாய்ச் சலித்த மணிகள்,
தாடியின் மயிரைத் தனித்தனியே எண்ணித் தரும்.
ஆனால் அது அசையாத உலகம் கேட்கும்.
தளம் ஆடிற்று. பதினொரு பேரும் ஆடினார்கள்.
நானூறை எண்ணூறாகப் பாவித்து
ஒரே ஒரு தடவை அழுத்தினேன்.
கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள்.

அன்றிரவு இருட்டறையில்
எனக்கு இரண்டு வழி.
ஒன்று பொட்டலத் தூள்.
வெந்நீரில் கரைத்து, ஆறவிட்டு,
கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.
அதில் சல்பைட் அதிகம்;
வெள்ளியின் ஓரங்களை நக்கி நக்கிக்
குருணையை நொய்யாக்கும்.
மற்றது ரொடினால்.
தேன் நிறம், பழைய புட்டி,
ஊசிக்குழாயில் பத்து மில்லி, மீதி குழாய்த் தண்ணீர்.
பதினெட்டு நிமிஷம்.
அது எதையும் கரைக்காது,
யாருக்காகவும் முனை மழுக்காது.

எனக்குத் தூக்கம் வந்தது.
செய்தித்தாளில் எப்படியும்
புள்ளி புள்ளியாகத்தானே அடிப்பார்கள் என்றேன்,
யாரும் கேட்காமலே.

ஏப்ரலில் சுன்னேவா வந்தாள், கம்பெனிக் கடிதத்தோடு.
கூலிப் பட்டியலில் தொர்மோதுர் என்று எவரும் இல்லையாம்.
யாருக்கோ காய்ச்சல் என்று
கடைசி நிமிஷம் ஏறியவன் அவன்.
கப்பல் திரும்ப ஜூன் ஆகும்;
தந்தி அடித்துக் கேட்க
ஆபீசில் யாருக்கும் அவசரமில்லை.
‘நீ எடுத்த படத்தில் இருப்பான்’ என்றாள்.

இருந்தான்.
பின்வரிசை, இடமிருந்து நான்கு,
ஒரு தடித்த தோளுக்குப் பின்னால் முக்கால் முகம்.
நெகட்டிவில் எள்ளளவு.
அந்த எள்ளை உள்ளங்கை அளவுக்கு ஏற்ற
என்லார்ஜரின் தலை கூரையை இடித்தது.
தட்டில் தாள் கறுத்து வந்தபோது
மணல் வந்தது.
கண் இருக்க வேண்டிய இடத்தில் ஏழெட்டு மணி.
வாய்க்கு நாலு.

அவளிடம் சொல்லாத ஒன்று:
தாளில் நாம் மணி என்று பார்க்கும் கறுப்பு
வெள்ளி அல்ல.
நெகட்டிவில் வெள்ளி விழாத சந்துகளில்
வெளிச்சம் புகுந்து சுட்ட தழும்பு.

கணக்கர் எய்துன் பூதக்கண்ணாடியை
மூக்கு தாளில் உரசும்வரை இறக்கினார்.
‘கஞ்சி’ என்றார்.
‘இது யாராகவும் இருக்கலாம். என் மாமனாராகக்கூட.’

பூட்ஸில் சேறு என்று
சுன்னேவா உள்ளே வராமல் வாசலிலேயே நின்றிருந்தாள்.
அங்கிருந்தபடி சொன்னாள்:
‘தலையைச் சாய்த்திருக்கிறான் பாருங்கள்.
காலைக் காபி கிடைக்காத கோபம்.’

நானும் வாசலுக்குப் போய்த் திரும்பிப் பார்த்தேன்.
மணிகள் ஒன்றின் விளிம்பை ஒன்று
பற்றிக்கொண்டன.
காது. புருவம். காபி கிடைக்காத கோபம்.
நாலடி முன்னே வந்தேன், கஞ்சி.
பின்னே போனேன், தொர்மோதுர்.

பொட்டலத் தூளில் கழுவியிருந்தால்
எய்துனின் கண்ணாடிக்கு ஒரு மூக்காவது சிக்கியிருக்கும்.
சிக்காமலும் போயிருக்கும்;
ஷட்டர் பதினைந்தில் ஒரு நொடி, தளம் வேறு ஆட்டம்.
இதை நினைத்துச் சில இரவுகள் புரண்டேன்.
இப்போதெல்லாம் தண்ணீர் ஆறும்வரை காத்திருக்கிறேன்,
பூனைப் படமென்றாலும்.

கம்பெனிக்கு எதிர்ச்சாரியில் கம்பளி நூல் கடை.
அதன் ஜன்னலில், உள்பக்கமாக,
சுன்னேவா படத்தை ஒட்டினாள்.
கீழே ஒரு வார்த்தை எழுதவில்லை.
எய்துனின் மேசைக்கும் அதற்கும் நடுவே
ஒரு தெரு, இரண்டு கண்ணாடி, இடைவிடாத தூறல்.

முதல் நாள் அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டார்.
மூன்றாம் நாள்
பட்டப்பகலில் திரையை இழுத்து மூடினார்.

பணம் வந்ததா என்றால்,
மே மாதம், பாதி.